அத்தை நின்றுகொண்டே பார்த்த படம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது பெரிய ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி கோரமங்கலாவில் இருந்தாள். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அவள் அப்பாவுக்கு வேலையே அதில்தானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதில் கார் ஓட்டுவாளாம், சுவரில் மோதினால் கண்ணாடி நொறுங்குமாம். திங்கட்கிழமை காலையில் அவள் இதைச் சொல்லச் சொல்ல நாங்கள் நாலைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அந்தக் காரை நானும் ஒருமுறை சுவரில் மோதிப் பார்க்கவேண்டும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவளுடைய ஹோம்வொர்க்கில் பாதியை நான் செய்துகொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்தது அடுகோடியில், லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் பின்பக்கம். அப்பா அந்தப் பட்டறைகளில் ஒன்றில் ஃபிட்டர். அம்மா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தாள். அதற்கு முன்னால் எங்கள் குடும்பமே கோலார் தங்கவயலில் இருந்தது. தாத்தா, அப்பா, மாமா என்று ஆண்கள் எல்லாரும் சுரங்கத்தில் இறங்கினவர்கள். சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு எழுந்ததும் அப்பா எல்லாருக்கும் முன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக, தன் சக்திக்கு மீறிய ஒரு கான்வென்ட்டில் என்னைச் சேர்த்தார். அங்கே யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் நான் வேலூர்ப் பக்கம் என்பேன். அது பொய்யில்லை. கொள்ளுத்தாத்தா அங்கிருந்துதான் தங்கவயலுக்குப் போனாராம். இடையில் உள்ள காலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பிரிகேட் ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆங்கிலப் பொம்மைப் படம் ஒன்று வந்தது. வருங்காலத்தில் நடக்கிற விஞ்ஞானக் கதை. சின்னவர் முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று பேப்பரில் எழுதியிருந்தார்களாம். எங்கள் சயன்ஸ் மிஸ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வகுப்பே போகவேண்டும், ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், படம் முடிந்ததும் தியேட்டர் வராந்தாவில் நின்று அதன் செய்தி என்ன என்று சொல்லவேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு.

இந்தச் சமயத்தில்தான் தோழி மனமிரங்கினாள். படம் முடிந்ததும் நான் அவர்கள் காரிலேயே அவர்கள் வீட்டுக்குப் போகலாம், அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டாள், ஆனால் அம்மா என் வீட்டுப் பெரியவரைத் தியேட்டரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் முடிவாகச் சொல்வாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அம்மாவுக்கு என்ன சேலை கட்டிவிடுவது, அவளை எவ்வளவு பேசவிடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். வெள்ளிக்கிழமை இரவு அம்மா வந்து, சரக்கு கப்பல் ஏறவேண்டுமாம், நாளைக்கு யாருக்கும் லீவு கிடையாது என்றாள். அப்பாவுக்கும் பட்டறை உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இன்னாத்துக்கு இருக்கறேன்? நான் போறேன் கொயந்தையோட" என்றாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தாள். எப்போதாவது ரயிலேறி வந்து எங்களோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஒருநாள் சுரங்கத்துக்குள் இறங்கியவர் உயிரோடு மேலே வரவில்லை. அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. சுவரில் மாட்டியிருந்த போட்டோ அளவுக்குத்தான் எனக்கு அவரைத் தெரியும். அத்தைக்குப் பெரிய குரல். தெருக்குழாயடியில் நின்று லைனின் கடைசி வீட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பாள், ரப்பர் செருப்பு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. அன்றிரவு அவளுக்குச் சின்னதாக ஒரு ஜுரம் வரட்டும், பெரிதாக வேண்டாம், ஒருநாள் ஜுரம் போதும் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு நின்றாள்.

பஸ்ஸில் அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். அங்கே எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசுவார்கள், வெற்றிலை கூடாது, தங்கவயல் பேச்சே எடுக்கக் கூடாது, முடிந்தால் எந்தப் பேச்சுமே எடுக்காமல் இருப்பது நல்லது. அத்தை ஜன்னல் வழியாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "செரி குட்டி. வாயே தொறக்கல, போதுமா" என்றாள்.

தியேட்டரில் தோழியின் அம்மா எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள். கழுத்தளவு வெட்டிய முடி, கைக்கடிகாரம், பக்கத்தில் போனாலே ஒரு நல்ல வாசனை. அவர்களும் தமிழர்கள்தான், சென்னையிலிருந்து வந்தவர்கள், ஆனால் வீட்டில் ஆங்கிலம். அவள் அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அத்தை கும்பிட்டாள். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது, நான் மூச்சு விட்டேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. பூமியைத் தோண்டித் தீர்த்துவிட்ட மனிதர்கள் வேறொரு கிரகத்தைத் தோண்டப் போகிறார்கள். அங்கே பாறைக்குள் பாதை பார்த்துச் சொல்ல உருண்டையாக ஒரு குட்டி இயந்திரம் இருக்கிறது. ஒரு சிறுமி அதோடு சினேகமாகிறாள். இயந்திரம் உருண்டு போய் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அத்தை சத்தம் போட்டுச் சிரித்தாள். ஆனால் எல்லாரும் சிரித்ததால் அது ஒன்றும் தனியாகத் தெரியவில்லை. சிறுமியும் இயந்திரமும் தொழிலாளிகள் சிலரோடு ஒரு கூண்டில் ஏறி ஆழத்துக்கு இறங்கினார்கள். அத்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பிறகு திரை முழுக்க அதிர்ந்தது, பாறை சரிந்தது, கிரகத்தின் மேல் இருந்த கோபுரத்தில் சங்கு ஊதத் தொடங்கியது.

அத்தை எழுந்து நின்றாள்.

பாத்ரூம் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் எல்லார் முழங்கால்களையும் இடித்துக்கொண்டு வெளியே வந்து, சுவரோரமாகத் திரைப் பக்கம் பார்த்து நின்றுவிட்டாள். முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் நின்றது ஓரத்து வரிசைக்காரர்களுக்குத் திரையை மறைத்தது. "கூத்கொள்ளம்மா", உட்காரம்மா என்று யாரோ கன்னடத்தில் சொன்னார்கள். டார்ச் விளக்கோடு ஆள் வந்து அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தான். அத்தை தன்னால் முடிந்த அளவு மெதுவாகப் பேசினாள், அதாவது தியேட்டர் முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் மேல வரட்டும்பா. நான் ஓரமாத்தான நிக்கறேன்."

தியேட்டரே சிரித்தது. அதே சமயத்தில் இடைவேளை விட்டு விளக்கையும் போட்டுவிட்டார்கள். இயந்திரமும் சிறுமியும் பாறைக்கடியில் கிடக்க, என் வகுப்பு மொத்தமும் திரும்பி அத்தையைப் பார்த்தது.

இது பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கவயலில் எங்கள் லைனில் அது வழக்கம். ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு வேறு, நேரம் கெட்ட நேரத்தில் ஊதுகிற சங்கு வேறு. இரண்டாவது கேட்டால் உள்ளே பாறை வெடித்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு சுரங்க வாசலுக்குப் போய் நிற்பார்கள். இறங்கினவர்கள் மேலே வரும்வரை யாரும் உட்கார மாட்டார்கள், யாரும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார்கள். உட்கார்ந்துவிட்டால் இனி வரமாட்டார்கள் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. நானே கைக்குழந்தையாக அம்மா இடுப்பில் இருந்தபடி அந்த வாசலில் நின்றிருக்கிறேனாம். ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் யாருக்கு எடுத்துச் சொல்வது? சொன்னால் வேலூர்ப் பக்கம் என்னாவது? நான் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, இது பொம்மைப் படம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. வந்து உக்காரு."

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? சங்கு பொம்மை இல்லியே" என்றாள் அத்தை. "காலு உக்கார மாட்டேன்னுது குட்டி. நான் இன்னா பண்ணட்டும்?"

தோழியின் அம்மா எல்லாருக்கும் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு பொட்டலம், தோழிக்கு ஒன்று, மரியாதைக்கு அத்தைக்கும் ஒன்று நீட்டினாள். நான் ஒரு கை அள்ளி வாயில் போடப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பொட்டலத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க மேல வரட்டும்மா" என்றாள் தோழியின் அம்மாவிடம், ஏதோ அவளும் தன்னோடு வாசலில் வந்து நிற்கிற இன்னொரு பெண் என்பது போல. "உள்ள மாட்டிக்கினு இருக்கறப்ப எப்பிடி வாயில வெக்கறது?"

தோழி பாதி வாயில் பாப்கார்னோடு அப்படியே நின்றாள். அவள் அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கண் அத்தையின் ரப்பர் செருப்புக்குப் போய் அங்கிருந்து என்னிடம் வந்தது. பின் வரிசையில் ஒரு பையன் முந்தானையால் வாயைப் பொத்துகிற மாதிரி கர்ச்சீப்பை வைத்துக் காட்டினான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அழுதால் இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அத்தை மேல் எனக்கு இருந்த வெறுப்பைப் போல வேறு யார் மேலும் இருந்ததில்லை. படத்தின் இரண்டாம் பாதியை நான் பார்க்கவே இல்லை. இருட்டில் சுவரோரமாக அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் கூண்டு மேலே வந்தது. முதலில் தொழிலாளிகள், பிறகு சிறுமி, எல்லாருக்கும் கடைசியாக நசுங்கிப் போன குட்டி இயந்திரம். பிள்ளைகள் கை தட்டினார்கள். அத்தை அங்கேயே காலியாக இருந்த ஒரு சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாலு பேர் கை மாறி என் பாப்கார்ன் பொட்டலம் எனக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே, "இப்பத் தின்னு" என்று குரலும் வந்தது.

வராந்தாவில் செய்தி சொல்லும் நிகழ்ச்சி நடந்தது. மரம் நடவேண்டும் என்றான் ஒருவன், படத்தில் மரமே இல்லை. இயந்திரத்துக்கும் மனசு உண்டு என்றாள் தோழி. என் முறை வந்ததும், முன்னேற்றம் என்ற பெயரில் நாம் யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தடையில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன், எந்தப் படத்துக்கும் பொருந்தும். எல்லாரும் கை தட்டினார்கள், மிஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அத்தை தூரத்தில் ஒரு தூணோரமாக நின்றிருந்தாள். அவளிடம் மிஸ் செய்தி கேட்கவில்லை. அந்த மட்டில் தப்பித்தோம் என்றிருந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் அத்தை என்னிடம் வந்தாள். தோழியின் அம்மாவும் வந்தாள். கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு என்ன சொல்வது என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். கோரமங்கலா கைநழுவிப் போவது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு அவள் குனிந்து, அத்தைக்குப் புரிந்து மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டு வேலைக்காரியையா உன்னோடு அனுப்பியிருக்கிறார்கள், அம்மாவால் வர முடியவில்லையா என்று.

எனக்கு ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. அதற்குள் அத்தையே பேசிவிட்டாள்.

"பாப்பாவோட அம்மாவுக்கு லீவு கெடைக்கலீங்கம்மா. அதான் என்னைய அனுப்பிச்சாங்க." என் தோளிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் கையிலிருந்த ஸ்வெட்டரையும் வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள். "கூட்டிக்கினு போறீங்களா? போய்ட்டு வரட்டுங்க. அய்யாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அய்யா என்றது என் அப்பாவை. தன் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை அத்தை டேய் என்றுதான் கூப்பிடுவாள். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. எனக்கு விசித்திரமாக இருந்தது. பெரிய இடத்து மனுஷியைப் பார்த்து அத்தைக்குப் பேச்சு குழறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, அந்த ஆங்கிலக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்றும் நினைத்துக்கொண்டேன். தோழியின் அம்மா முகம் தெளிந்துவிட்டது. வேலைக்காரி தியேட்டரில் எழுந்து நின்றால் அது வேடிக்கை, சொந்தக்காரி நின்றால்தான் யோசிக்கவேண்டிய விஷயம். காரில் அவள் பாப்கார்ன் கதையை எடுத்து, அத்தை பேசின மாதிரியே பேசிக் காட்டினாள். தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். பின் கண்ணாடியில் அத்தை என் ஸ்வெட்டரோடு ரோட்டைக் கடக்கக் காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு கார் திரும்பிவிட்டது.

கம்ப்யூட்டரில் காரை ஓட்டினேன். சுவரில் மோதினேன். சொன்ன மாதிரியே கண்ணாடி நொறுங்கியது.

சாயங்காலம் என்னை அடுகோடி பஸ் ஸ்டாப்பிலேயே இறக்கிவிடச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தேன். அத்தை எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று பயம். அவள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். படம் எப்படி என்று அப்பா உள்ளிருந்து கேட்டார். "நல்லா இருந்துச்சுடா. எல்லாரும் மேல வந்துட்டாங்க. குட்டி இங்கிலீசுல பேசினா பாரு, அத்தினி பேரும் கை தட்டுனாங்க" என்றாள் அத்தை. வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ரயிலேறிப் போனாள். அதற்குப் பிறகு என் பள்ளிக்கூட விசேஷம் எதற்கு அப்பா கூப்பிட்டாலும் அவளுக்கு முழங்கால் வலி வந்துவிடும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை.

சுரங்கம் மூடிச் சில வருஷங்கள் கழித்து அத்தை எங்களோடேயே வந்துவிட்டாள். நானும் படித்து முடித்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் என் செல்போன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து மேலதிகாரி கூப்பிடுகிற நேரம் அது. யாரும் எடுக்காமல் இருக்கவேண்டுமே என்று பதறிக் குழாயை மூடினேன். அத்தை எடுத்துவிட்டாள். நான் குளிக்கிறேன், கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டால் நல்லது என்று அவள் சொல்வது கேட்டது. ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், தங்கவயலின் பழைய ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரப் பெண்மணிகள் பேசுவது போல இழுத்து இழுத்து.

மாமா போன பிறகு அத்தை பல வருஷம் சுரங்க ஆஸ்பத்திரியின் ஆங்கிலோ இந்திய நர்ஸ் ஒருத்தி வீட்டில் பாத்திரம் தேய்த்து, குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாளாம். அந்த வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சே கிடையாதாம். இதை அம்மா எனக்குச் சொன்னது அன்றைக்கு ராத்திரிதான். குளியலறைக்குள் ஈரத்தோடு நின்றபோது எனக்கு அது தெரியாது. அங்கே எனக்கு நினைவுக்கு வந்தது, தோழியின் அம்மா குனிந்து கேட்ட கேள்வி. அதில் ஒரு வார்த்தை விடாமல் அத்தைக்குப் புரிந்திருந்தது. எனக்கு ஆமாம் என்றும் சொல்ல வராது, இல்லை என்றும் சொல்ல வராது என்பது வரைக்கும் புரிந்திருந்தது. பத்து வயதில் நான் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கார் ஏறியிருக்கிறேன்.

போனில் இருந்தவர், பேசுவது யார் என்று கேட்டிருக்கவேண்டும்.

"ஐ ஆம் ஹெர் ஆன்ட்டி" என்றாள் அத்தை. "ஹெர் ஃபாதர்ஸ் எல்டர் சிஸ்டர்."